பவளப்பாரும் தோணியும்: மாலத்தீவுக் கடற்சொற்களின் வரலாறு

மாலத்தீவின் சுற்றுலா வரலாறு பெரும்பாலும் 1972ஆம் ஆண்டிலிருந்தே எழுதப்படுகிறது. அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள், தலைநகர் மாலேக்கு அருகில் குடியிருப்பற்றுக் கிடந்த ஒரு தீவில் ‘குரும்பா’ என்னும் பெயருடன் முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட நூற்றாண்டுகள் இத்தகைய நூல்களில் முன்னுரையாக இரண்டொரு பத்திகளில் முடிந்துவிடுகின்றன. ஆனால், பாய்மரப் படகில் உலாவவும் காற்றடைத்த உருளையைச் சுமந்து கடலடியில் மூழ்கவும் இன்று அங்குச் செல்லும் பயணி தம் வழிகாட்டியிடம் முதலில் கற்கும் சொற்கள் 1972க்குப் பின் தோன்றியவை அல்ல. அதொளு, ஃபரு, கண்டு, திலா, கிரி, தோனி ஆகிய அனைத்தும் தீவுக் கடலோடிகள் தலைமுறை தலைமுறையாக வழங்கியவை. கலம் உடையாமல் வீடு திரும்புவதற்காகக் கடலுக்கு இடப்பட்ட பெயர்கள் அவை. அதே பெயர்கள் இன்று, கலம் எங்கே உடையுமோ அங்கேயே நிறுத்தி மூழ்குவதற்கான இடப்பெயர்களாகியுள்ளன. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதும், அதில் எது எஞ்சியது, எது எஞ்சவில்லை என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

முதல் விடுதியின் பெயரே தமிழறிந்தோர் கவனத்திற்குரியது. திவெகி மொழியில் குரும்பா என்பது இளநீர்க்காயைக் குறிக்கும். சிங்களத்திலும் அப்பொருளிலேயே வழங்குகிறது. தென்னை, பனை ஆகியவற்றின் இளங்காயைக் குறிக்கும் தமிழ்க் குரும்பை இவற்றோடு உறவுடையது. பயணிக்குச் சொல்லின் வரலாறு தேவையில்லை, இளநீர் போதும். மொழியாய்வாளருக்கோ தென்னை வளர்ந்த கரைகளெல்லாம் ஒரே கடலால் இணைக்கப்பட்டிருந்தன என்பதற்கு அது ஒரு சான்று.

பன்னீராயிரம் தீவுகள்

தமிழகத்துடன் இத்தீவுகளுக்குள்ள தொடர்பின் புகழ்பெற்ற சான்று முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியாகும். அவன் ஆட்சியின் இறுதிப்பகுதியில், அஃதாவது 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவன் வென்ற நாடுகளின் வரிசையில் கடல்சூழ்ந்த பழந்தீவுகள் பன்னீராயிரத்தையும் சேர்க்கின்றன. பழந்தீவு என்பதை மாலத்தீவாக வரலாற்றறிஞர் பொதுவாகக் கொள்வர். இவ்வெண் கணக்கெடுத்துச் சொன்னதன்று. தீவுகளின் உண்மைத் தொகை ஏறத்தாழ 1,200 ஆகும். எனினும் அதைச் சோழரின் மிகைக்கூற்று என்று ஒதுக்கிவிட இயலாது. ஏனெனில் அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் மாலே அரசன் தன்னைப் பதின்மூன்று மாநிலங்களுக்கும் பன்னீராயிரம் தீவுகளுக்கும் சுல்தான் என்றே அழைத்துக்கொண்டான். இச்செய்தியைத் தருபவர் பிரெஞ்சுப் பயணி பிரான்சுவா பிரார் தெ லவால். எண்ண முடியாத மிகுதியைக் குறிக்கவே அவ்வெண் வந்தது என்று அவர் கருதினார். தஞ்சையில் வெட்டப்பட்டதும் மாலேயில் வழங்கியதும் ஒரே தொகையாக இருப்பதால், அது தீவினரே தம் நாட்டைப் பற்றிச் சொல்லிவந்த தொகையாக இருத்தல் கூடும்.

அக்காலத்தில் இத்தீவுகளைக் காண வேண்டும் என்று விரும்பிச் சென்றவர் சிலரே. சோழிக்காகவும் கயிற்றுக்காகவும் வணிகர் சென்றனர். ஏனையோர் பலரைக் காற்றே கொண்டு சேர்த்தது. மொராக்கோ நாட்டு இபன் பதூதா 1343இல் கோழிக்கோட்டிலிருந்து சென்று, அரசி கதீஜாவின் ஆட்சியில் நீதிபதியாகப் பணியாற்றினார். தீவுகள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருப்பதால் தீவினர் ஒருவர் வழிகாட்டாமல் கலம் உரிய தீவை அடைய முடியாது என்றும், வழி தவறினால் காற்று அதனை மாபாருக்கோ இலங்கைக்கோ தள்ளிவிடும் என்றும் அவர் எழுதினார். மாபார் என்பது சோழமண்டலக் கடற்கரையை அரபியர் அழைத்த பெயர். அவருடைய எச்சரிக்கை அவருக்கே பலித்தது. 1344இல் மாபாருக்குப் புறப்பட்ட அவருடைய கலத்தின் தலைவன் வழியறியாதவன். மூன்று நாள் பயணம் ஒன்பது நாளாக நீண்டு இலங்கையில் முடிந்தது. பின்னர் அவர் மதுரைச் சுல்தானைக் கண்டு, இருவருமாக மாலத்தீவின்மீது படையெடுக்கத் திட்டமிட்டதும் அது நிறைவேறாமற் போனதும் வேறு கதை.

தென்னை நார்க்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கலம் கட்டும் முறையை அவர் சிறப்பித்துக் கூறுகிறார். ஆணி அறைந்த கலம் பாறையில் மோதினால் உடையும். தைத்த கலம் நெகிழ்ந்து கொடுக்கும் என்பது அவர் தரும் விளக்கம். இக்கருத்தில் தீவுக் கடலின் இயல்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. அங்குப் பாறையில் மோதுவது அரிய விபத்தன்று. கலம் கட்டும்போதே எதிர்பார்க்க வேண்டிய ஒன்று.

பாறை ஏறிய கலம்

1601 மே மாதத்தில் பிரான்சின் சென் மாலோ துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ‘கொர்பேன்’ என்னும் கப்பல் 1602 சூலை 2ஆம் நாள் கொய்தூ பவளத்தீவு வட்டத்தின் பாறையில் ஏறி உடைந்தது. தப்பியவருள் ஒருவரான பிரார் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அத்தீவுகளில் தடுத்துவைக்கப்பட்டார். 1607இல் வங்கத்திலிருந்து வந்த படையொன்று மாலேயைச் சூறையாடி அரசனைக் கொன்றபோதுதான் அவருக்கு விடுதலை கிடைத்தது. உடன் வந்த பலர் நோயில் மாண்டுபோக, அவர் பிழைத்தமைக்குக் காரணங்களுள் ஒன்று அவர் தீவின் மொழியைக் கற்றுக்கொண்டதே. 1611இல் முதன்முதலாக வெளிவந்த அவருடைய பயண நூல் பின்னைப் பதிப்புகளில் விரிவடைந்தது. அந்நூலோடு இணைந்த சொற்பட்டியலே ஐரோப்பியர் தொகுத்த பழைய திவெகிச் சொற்றொகுதி ஆகும்.

பிரார் ‘அதொல்லோன்’ என எழுதிய சொல்லே இன்று உலக மொழிகளில் பவளத்தீவு வட்டத்திற்குப் பெயராக வழங்குகிறது. திவெகியில் அதன் வடிவம் அதொளு. இறுதி எழுத்து, தமிழ் ளகரத்தைப் போன்ற நாவளை ஒலி. ஒவ்வோர் அதொளுவையும் சுற்றிக் கல்வரம்பு அமைந்திருப்பதைக் கண்ட அவர், மனிதர் எழுப்பிய எந்த மதிலும் இவ்வளவு திறமையாக ஒரு நிலத்தைக் காக்க இயலாது என்னும் பொருள்பட வியந்து எழுதினார். தம் கப்பலை உடைத்த பாறையையே அவர் இவ்வாறு கூறுகிறார் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அப்பாறைகளை வியந்து பார்த்த முதல் ஐரோப்பியர் அவரே எனலாம். ஆனால் அதற்காக அவர் அங்குச் செல்லவில்லை.

அவர் குறித்துவைத்த செய்திகளுள் கடலில் மூழ்குவோரைப் பற்றியது தனித்து நோக்கத்தக்கது. கட்டடத்திற்கு வேண்டிய பவளக்கற்களைக் கடலடியிலிருந்து எடுக்கத் தீவினர் ஒரு வகை இலேசான மரத்தைப் பயன்படுத்தினர். ஒருவர் மூழ்கிக் கல்லில் கயிற்றைப் பிணிப்பார். பின்னர் அக்கயிற்றில் மரத்துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நீருக்குள் செலுத்துவர். போதிய அளவு மரம் சேர்ந்ததும் கல் தானே எழும்பும். மூழ்கிய நங்கூரங்களையும் பீரங்கிகளையும் இம்முறையில் எடுத்தனர் என்று பிரார் எழுதுகிறார். மன்னார்க் கடலில் முத்துக்குளிப்போர் கல்லின் துணையால் கீழே இறங்கினர். இங்கோ மரத்தின் துணையால் கல் மேலே ஏறியது. மூச்சை அடக்குதல் இரண்டுக்கும் பொது. மாலேயில் 1656 முதல் 1658 வரை கட்டப்பட்ட பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலின் செதுக்கப்பட்ட பவளக்கற்களைக் காண்போர், அவற்றைக் கடலிலிருந்து எடுத்த பெயரறியாத மூழ்குநரையும் எண்ணுதல் தகும்.

பகரம் ஃபகரமானது

பிராரின் எழுத்துமுறை மொழிவரலாற்றுக்கு ஒரு தெளிவான சான்றைத் தருகிறது. அவர் பைந்துவே, புலாது என எழுதிய தீவுகள் இன்று ஃபெகெந்தூ, ஃபுளதூ என வழங்குகின்றன. அவர் காலத்தில் பகரமாக ஒலித்தது பின்னர் ஃபகரமாக மாறியது என்பது இதனால் புலப்படும். எனவே பவளப்பாறைத் தொடரைக் குறிக்கும் இன்றைய ஃபரு என்னும் சொல்லின் முன்னை வடிவம் பரு என்றே இருந்திருக்கும். மன்னார் வளைகுடாவின் மீனவர் கடலடிப் பாறைத்திட்டைப் பார் என்பர். முத்துச் சிப்பி விளையும் திட்டு முத்துப்பார். இரண்டு சொற்களும் ஒலியாலும் பொருளாலும் இவ்வளவு நெருங்கி நிற்பதைத் தற்செயல் என்று தள்ளிவிடுவது எளிதன்று. தோணி என்னும் தமிழ்ச்சொல்லும் தோனி என்னும் திவெகிச்சொல்லும் இத்தகையனவே. கடன் எத்திசையில் சென்றிருப்பினும், கலத்துக்கும் அதை உடைக்கும் பாறைக்கும் ஒத்த பெயர்கள் இரு கரைகளிலும் வழங்குகின்றன.

ஃபருவை அறிவதே தீவுக் கடலோடியின் முதற்கல்வி. ஃபருக்களுக்கிடையே வெளிக்கடலும் உட்கடலும் கலக்கும் ஆழமான வாய்க்கால் கண்டு. நீர்மட்டத்தை ஏறத்தாழத் தொட்டு நிற்கும் சிறு பாறைமேடு கிரி. குன்றைக் குறிக்கும் வடசொல்லை அது நினைவூட்டும். அதனினும் ஆழத்தில், கலம் உராயாத அளவு நீருக்கடியில் நிற்பது திலா. கிரியில் கலம் உடையும், திலாவில் மீன் கிடைக்கும். இவ்வேறுபாட்டைப் பிற மொழிகள் தனிச்சொற்களால் உணர்த்த வேண்டிய தேவை எழுந்ததில்லை.

இடத்தைப் போலவே காலத்தையும் அவர்கள் வகுத்திருந்தனர். ஆண்டு 27 நகைகளாகப் பிரிக்கப்பட்டது. நட்சத்திரம் என்பதன் திரிபே நகை. ஒவ்வொன்றும் 13 அல்லது 14 நாள் கொண்டது. அச்சிதா, புருனு, கெத்தி, ரோனு என வரும் வரிசையில் அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி ஆகியவற்றைத் தமிழர் எளிதில் இனங்காண்பர். இவற்றுள் 18 நகைகள் தென்மேற்குப் பருவமாகிய குளங்குக்கும், 9 நகைகள் வடகிழக்குப் பருவமாகிய இருவைக்கும் உரியன. எந்த நகையில் பாய் விரிக்கலாம், எப்பொழுது எந்தப் பக்கத்தில் மீன் திரளும் என்பன இவ்வரிசையோடு சேர்த்தே கற்கப்பட்டன.

வரைபடம்

1834 முதல் 1836 வரை இந்தியக் கடற்படையின் இராபர்ட் மோர்சுபி இத்தீவுகளை முறையாக அளந்தார். காய்ச்சல் அவருடைய குழுவினரை விடாது வாட்டியது. அவர் வரைந்த படங்கள் நூறாண்டுகளுக்கு மேல் கப்பல்களுக்கு வழிகாட்டின. பைகளில் அடங்கிய அவ்வறிவு வந்தபின், இபன் பதூதா வற்புறுத்திய உள்ளூர் வழிகாட்டி பெருங்கப்பல்களுக்குத் தேவையற்றவரானார். குவது கண்டு என்று தீவினர் அழைத்த பெருவழி ஒன்றரைப் பாகைக் கால்வாய் ஆயிற்று. பெயர் போயிற்று, எண் வந்தது.

எனினும் அக்குழுவில் சொற்களைப் பொருட்படுத்தியவர் ஒருவர் இருந்தார். மாலேயில் தங்கி மக்களின் வாழ்க்கைமுறையைக் குறித்துவைத்த கிறித்தோபர் என்னும் துணை அதிகாரியின் திவெகிச் சொற்றொகுதி 1841இல் அச்சேறியது. மறு ஆண்டு சார்லசு தார்வின் பவளப்பாறைகளின் தோற்றம் பற்றிய நூலை வெளியிட்டார். அவர் மாலத்தீவைக் கண்டவரல்லர். அவர் கண்டது 1836இல் கீலிங் தீவுகளை. மாலத்தீவைப் பற்றி அவர் எழுதியவற்றுக்கு மோர்சுபியின் அளவைகளே அடிப்படை. அதொளு என்னும் தீவுச்சொல் அறிவியற் சொல்லாக நிலைபெற்றதில் அந்நூலுக்குப் பெரும்பங்குண்டு. 1899-1900இல் அங்கு ஆய்வுசெய்த இசுடான்லி கார்டினரின் வழியாக ஃபருவும் ‘ஃபாரோ’ என்ற வடிவில் நிலவியல் நூல்களில் இடம்பெற்றது. இவ்வாறு தீவுச்சொற்கள் இரண்டு நூல்வழிச் சென்றன. அவற்றைச் சொன்னவர்களின் கடலறிவு அவற்றோடு செல்லவில்லை.

மூழ்குவோர் வருகை

1943இல் பிரான்சில் கூசுதோவும் கான்யானும் நீருக்கடியில் மூச்சுவிடும் கருவியை உருவாக்கினர். பதினைந்து ஆண்டுகளுக்குள் அத்தகைய கருவிகள் மாலத்தீவை அடைந்தன. வியன்னாவைச் சேர்ந்த ஆன்சு ஆசு, ‘சரீஃபா’ என்னும் பாய்மரக் கப்பலில் 1957-58இல் மேற்கொண்ட ஆய்வுப்பயணத்தின்போது இக்கடலில் மூழ்கிப் படமெடுத்தார். உடன் சென்ற உயிரியலறிஞர் ஐபல்-ஐபசுஃபெல்ட் 1964இல் வெளியிட்ட நூல் ஆயிரம் அதொளுக்களின் உலகத்தை ஐரோப்பிய வாசகருக்கு அறிமுகம் செய்தது.

நாடு 1965இல் முழு விடுதலை பெற்றது. 1972 பிப்ரவரியில் இத்தாலியப் பயண முகவர் சார்சு கார்பின் அழைத்துவந்த சிறு குழுவே முதல் சுற்றுலாக் குழுவாகக் கருதப்படுகிறது. 1602இல் பாறை ஏறிய கப்பலின் பெயரும் 1972இல் பயணிகளைக் கொணர்ந்தவரின் பெயரும் எழுத்தளவில் ஒன்றாக அமைந்தது விந்தை. முதலாவது வந்தவர்கள் வெளியேற வழியின்றித் தங்கினர். இரண்டாவது வந்தவர்கள் தங்குவதற்குப் பணம் கொடுத்தனர். அவ்வாண்டு வந்த பயணிகள் ஏறத்தாழ 1,100 பேர். 2024இல் அத்தொகை 20 இலட்சத்தைக் கடந்தது.

இவ்வரலாற்றில் மற்றோர் ஆண்டும் உண்டு. சுற்றுலா நூல்கள் அதனைப் பெரிதாகக் கருதுவதில்லை. 1974இல் மீன்பிடித் தோனிகளில் இயந்திரம் பொருத்தும் பணி தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் பாய் விரைவாக மறைந்தது. இதற்காக மீனவரைக் குறைகூற இயலாது. காற்றில்லாத நாளில் தண்டு வலித்து ஃபருவைக் கடந்தவருக்கு இயந்திரம் பெருவரம். மேலும், பகலுக்குள் திரும்ப முடிந்ததால் உயிரிழப்பும் குறைந்திருக்கும். ஆயினும் நீரின் நிறத்தையும் காற்றின் திசையையும் நகையின் பெயரையும் ஒன்றாக இணைத்த கல்வி, அது கட்டாயமாக இருந்த சூழல் நீங்கியதும் தளர்ந்தது. பாய்மரப் பயணத்தை விரும்பிப் பயணிகள் வரத் தொடங்கிய அதே பத்தாண்டில் தீவினரின் பாய் இறங்கியது என்பதே இக்காலத்தின் முரண்.

அக்கல்வியின் ஒரு பகுதி எதிர்பாராத இடத்தில் எஞ்சியது. மூழ்குவோரை அழைத்துச் செல்லும் தோனிக்கும் கண்டுவின் நீரோட்டம் தெரிந்தாக வேண்டும். இருவைப் பருவத்தில் நீரோட்டம் பொதுவாகக் கிழக்கிலிருந்து மேற்காகச் செல்லும். அப்போது கிழக்குக் கண்டுகளின் வழியே தெளிந்த வெளிக்கடல்நீர் உட்புகும். அவ்வாயில்களில் சுறாக்கள் நிற்கும். மேற்குப் பக்கம் நுண்ணுயிர் மிதவைகளால் கலங்கிய நீர் வெளியேறும். ஆனைத்திருக்கைகள் அங்கே இரைதேடும். குளங்கில் இவ்வொழுங்கு தலைகீழாகும். விடுதியின் அறிவிப்புப் பலகையில் நாள்தோறும் எழுதப்படும் மூழ்கிடங்களின் வரிசை, உண்மையில் பழைய மீனவன் நகைப் பெயரோடு மனத்தில் வைத்திருந்த வரிசையே. அங்குள்ள பெயர்களின் ஈறுகளும் கண்டு, திலா, கிரி என்பனவே. சில இடங்களுக்கு ஆங்கிலப் பெயர் இடப்பட்டதும் உண்மை.

அவ்வாறு ‘மீன்தலை’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் பெற்ற ஒரு திலாவைப் பற்றி 1993இல் வெளியான ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. அவ்விடத்தில் வாழும் ஒரு சுறா, காணவரும் மூழ்குநரால் ஆண்டொன்றுக்கு 33,500 டாலர் வருவாய் ஈட்டித்தரும் என்றும், அதனைப் பிடித்து விற்கும் மீனவர்க்கு ஒருமுறை கிடைப்பது 32 டாலரே என்றும் அது கணித்தது. 1995இல் 15 மூழ்கிடங்கள் பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. 2010இல் நாடு முழுவதும் சுறாப்பிடித்தல் தடைசெய்யப்பட்டது. கணக்கு சரியானதே. ஆனால் 33,500 டாலர் செல்லும் கையும் 32 டாலரை இழக்கும் கையும் ஒன்றல்ல. குடியிருப்புத் தீவுகளில் பயணியர் விடுதி நடத்த 2009க்குப் பின்னரே வழிபிறந்தது. அதுவரை சுற்றுலா, மக்கள் வாழாத தீவுகளிலேயே ஒதுங்கி நடந்தது.

விலை மதிக்கப்பட்ட அப்பாறைகளே 1998இல் வெளுத்தன. அவ்வாண்டு ஏப்ரல், மே மாதங்களில் கடல்நீர் வெப்பம் மிகுந்ததால், ஆழங்குறைந்த இடங்களிலிருந்த பவளங்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மடிந்தன. மெல்ல மீண்டுவந்தவை 2016இல் மறுபடியும் பெருமளவில் வெளுத்தன. பவளம் இறந்தபின்னும் கல் நிற்கும். ஃபரு என்ற சொல்லும் நிற்கும். ஆனால் அலையைத் தடுக்கும் அவ்வரம்பு வளர்ந்துகொண்டே இருந்தால்தான் தீவு நிலைக்கும். பிரார் வியந்த மதில், உயிருள்ள மதில்.

இச்சொற்களுக்கு இந்தியாவிலும் ஓர் இல்லம் உண்டு. இலட்சத்தீவுக் கூட்டத்தின் தென்கோடியிலுள்ள மினிக்காய், தன் மக்களால் மாலிக்கு என அழைக்கப்படுகிறது. ஏனைய தீவுகளில் மலையாளத்தின் கிளைவழக்கு பேசப்பட, இங்கு மகல் எனப்படும் திவெகி பேசப்படுகிறது. அதனை மாலத்தீவிலிருந்து பிரிக்கும் எட்டுப் பாகைக் கால்வாய்க்கு மாலிக்குக் கண்டு என்பது பெயர். பந்தயப் படகுகளுக்குச் சகாதோனி என்பது பெயர். மாலேயில் பயணத்தொழிலின் மொழிக்குள் சென்றுவிட்ட சொற்கள் இங்கு ஊர்வழக்கில் எவ்வாறு நிற்கின்றன என்பதை ஒப்பிட்டுத் தொகுக்க வேண்டிய காலம் இது. பாய் கட்டி ஓடிய தலைமுறையினர் சிலரே எஞ்சியுள்ளனர்.

பிராரின் கப்பல் உடைந்த கொய்தூ, ஆட்சிப் பிரிவின்படி இன்று பா அதொளுவைச் சேர்ந்தது. 2011இல் அப்பகுதி யுனெசுகோவின் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. அதன் கிழக்கு ஓரத்தில் அனிஃபரு என்னும் சிறு விரிகுடா உள்ளது. குளங்குப் பருவத்தில் நீரோட்டம் கொண்டுவரும் மிதவைகள் அதற்குள் அடைபடும்போது ஆனைத்திருக்கைகள் நூறுக்கு மேலும் திரளும். கூட்டம் மிகுந்ததால், 2012 முதல் அங்குக் காற்றுருளையுடன் மூழ்குவது தடைசெய்யப்பட்டுள்ளது. அனிஃபருவுக்குள் செல்வோர் முகக்கண்ணாடி அணிந்து நீர்மேல் மிதந்தபடி, வேண்டுமாயின் தம் மூச்சை அடக்கிக்கொண்டு, கீழே நோக்குகின்றனர்.